இருதயராஜின் ஒருசந்தி

கள்ளை விட்டதைப் பற்றி இருதயராஜ் முதல் நான்கு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தன் வாழ்க்கையில் ஒழுங்காக இருந்தது அந்த நான்கு நாள்தான் என்று பிற்பாடு அவனுக்கே தோன்றியது.

1928-ஆம் வருஷம், கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தபசுகாலம் அது. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட கையோடு, பாஸ்கு என்னும் ஈஸ்டர் பண்டிகை வரைக்கும் கள்ளைத் தொடுவதில்லை என்றும், தினமும் ஒருசந்தி, அதாவது பொழுது சாய்ந்தபின் ஒரே வேளைச் சாப்பாடு என்றும் மாதா சுரூபத்தின் முன்னால் நேர்ந்துகொண்டான். சாமியார் பிரசங்கத்தில் தெளிவாகவே சொல்லியிருந்தார். உடம்பை வளைத்து உழைக்கிறவர்களுக்கு ஒருசந்தியில் விலக்கு உண்டு. ஒருசந்தி இருக்கிறவர்களும் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம். ஆம்பூர் தோல்ஷாப்பில் நாள் முழுக்கத் தோல் பதமாகும் குழியோரம் நிற்கிறவனைவிட உழைக்கிறவன் யார்? ஆனாலும் இருபது வருஷக் குடிக்கு ஏதாவது பரிகாரம் செய்யவேண்டும் என்று இருதயராஜ் நிஜமாகவே நினைத்தான். கள்ளுக்கடைப் பக்கம் கால் தானாகத் திரும்பியபோது, அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தான். அவன் பெண்சாதி சவுரியம்மாள் ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை அவனும் பார்த்தான்.

அதே வாரத்தில் ரம்ஜான் நோன்பும் பிறந்தது. முதலாளி ஷபீ அஹமது சாயபு, பெரிய மேஸ்திரி வாஹித் பாஷா, தோல்ஷாப்பில் பாதிப் பேர் எல்லாருக்கும் நோன்பு. ஐந்தாம் நாள் மத்தியானம் இருதயராஜ் சாப்பாட்டுத் தூக்கு இல்லாமல் நிற்பதை வாஹித் பாஷா கவனித்துவிட்டார்.

"இன்னா இருதயராஜ், சோறு துன்னலியா?"

"எங்களுக்கும் நோம்புதான் பாய்."

"தண்ணி?"

ஒரே ஒரு வார்த்தை. "குடிப்பேன்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. சுற்றி நாலு பேர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருதயராஜ் வாயிலிருந்து, "அதுவும் கெடையாது பாய்" என்று வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே சாயபு அவனைக் கூப்பிட்டுத் தம் பக்கத்தில் உட்காரவைத்து முதல் பேரீச்சம்பழத்தை அவன் கையில் கொடுத்தார். கஞ்சியில் கறி இருக்கிறது, தபசுகாலத்தில் தொடமாட்டேன் என்று இருதயராஜ் கையெடுத்துக் கும்பிட்டபோது அவன் மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியது. "பாருங்கடா, நம்மவிட ஜாஸ்தி கட்டுப்பாடு" என்றார் சாயபு. கள் இறங்கும்போது நெஞ்சில் பரவும் இளஞ்சூடு இருக்கிறதே, அதே சூடு அப்போது அவன் நெஞ்சில் பரவியது. அவன் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கடவுள் அருள் என்று நினைத்துக்கொண்டான், பாவி.

இங்கே தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில்தான் தோல் பதமாகும். தோலை இறக்குவதற்கு முன் மேஸ்திரி அந்தத் தண்ணீரை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார். துவர்ப்பு நாக்கைப் பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் பட்டையில் சாரம் செத்துப்போயிற்று என்று அர்த்தம். இறக்கும் தோல் அழுகிவிடும். நிறத்தை நம்பக்கூடாது, பழைய தண்ணீர்தான் இன்னும் கறுப்பாக இருக்கும். நோன்பு மாதத்தில் வாஹித் பாஷா எதையும் வாயில் வைக்கமாட்டார். ஆகையால் நாக்கு வேலை வருஷா வருஷம் சின்ன மேஸ்திரி இருதயராஜுக்குத்தான்.

அவனும் ஒரு வாரம் ஒழுங்காக வைத்துப் பார்த்தான், துப்பினான். அப்புறம் ஒருநாள், தோல் உலர்த்துகிற ஆள் ஒருத்தன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "இன்னாணா, உன் நோம்புக்குப் பச்சத்தண்ணி ஆவாது, பட்டத்தண்ணி மட்டும் ஆவுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அது வெறும் வேடிக்கை, மறுநிமிஷமே மறந்துவிட்டார்கள். இருதயராஜுக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளிலிருந்து அவன் குழியில் விரலை விட்டான், வாய்வரைக்கும் கொண்டுபோனான், மீசையைத் தடவுகிற மாதிரி தடவிவிட்டுத் தலையை ஆட்டினான். "சரியா இருக்குது, எறக்கு." பக்கத்தில் பட்டை இடித்துப் போடும் காசி ஒருவன்தான் நின்றான். அவன் எப்போதும் போலத் தோல்களை இறக்கினான்.

நாலாம் நாள் மூன்றாவது குழியிலிருந்து வாடை கிளம்பியது. இருநூறு ஆட்டுத்தோல், கையில் எடுத்தால் தோலின் மேற்புறம் உரிந்துகொண்டு வந்தது. சாயபு குழியோரத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். வாஹித் பாஷா மட்டும் திரும்பி இருதயராஜைக் கேட்டார்: "நீ நாக்குல வெச்சுப் பாத்தியா?"

"வெச்சுப் பாத்துத்தான் பாய் சொன்னேன். நல்லாத் துவர்த்துச்சு."

"அப்போ எப்படி?"

இருதயராஜ் காசியைப் பார்க்காமல் சொன்னான்: "அதுக்கப்பறம் தண்ணி ஊத்தினது யாருன்னு எனக்குத் தெரியாது."

தண்ணீர் ஊற்றுகிறவன் காசிதான். அது எல்லாருக்கும் தெரியும். நோன்பில் இருக்கிறவன் பொய் சொல்வானா? காசி வாயைத் திறந்தான், இருதயராஜின் முகத்தை ஒருதரம் பார்த்தான், மறுபடி மூடிக்கொண்டான். அன்றைக்கே அவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அவன் போனான். அன்று சாயங்காலமும் முதல் பேரீச்சம்பழம் இருதயராஜுக்கே கிடைத்தது. அவன் அதைத் தின்றான் என்பதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ரம்ஜான் முடிந்தது. தபசுகாலம் முடியவில்லை. இருதயராஜ் இப்போது கள்ளை நினைப்பதுகூட இல்லை. காசி வாயை மூடிக்கொண்ட அந்தக் கணம்தான் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வந்து நின்றது. அவன் ஏன் பேசவில்லை? பயமா? பழி வாங்க வேளை பார்க்கிறானா? பாஸ்குக்கு முந்தின குருத்து ஞாயிறன்று, இயேசு சீடர்களுக்குச் செய்தது போலப் பெரிய வியாழனன்று தாம் பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேர் பெயரைச் சாமியார் வாசித்தார். குடியை விட்டவன் என்று அவன் பெயரும் இருந்தது. கோயிலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சவுரியம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெருமையோடு தலை குனிந்தாள். அவனுக்கு அப்படியே தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். முழங்காலில் நின்று ஆரம்பித்தான்: "சாமி, கள்ளைத் தொடல, கறியத் தொடல..."

"தொடாததை நான் கேட்கவில்லை" என்றார் சாமியார் மரச்சட்டத்துக்கு அப்பாலிருந்து.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

"தண்ணீர் குடிக்கலாம் என்று நான்தானே பிரசங்கத்தில் சொன்னேன்?"

"ஆமா சாமி."

"முதலாளியிடம் போய்ச் சொல். அந்த மனிதனிடமும் போய்ச் சொல். அதற்குப் பிறகு இங்கே வா, பாவப்பொறுத்தல் தருகிறேன்."

"வியாழக்கிழமை பாதம் கழுவறதுக்கு, சாமி..."

"பதினோரு பேரோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்றார் சாமியார்.

மறுநாள் இருதயராஜ் போய்ச் சொன்னதைக் கேட்டுச் சாயபு கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "என் பக்கத்துல உக்கார வெச்சேனேப்பா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு, "மேஸ்திரி வேலை உனக்கு வாணாம். நீ போய்ப் பட்டை இடி. காசியக் கூட்டிக்கினு வா" என்றார். வாஹித் பாஷா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

பெரிய வியாழனன்று விடியக் கிளம்பி, பாதி தூரம் நடந்து, பாதி தூரம் பாரவண்டியில் தொற்றிக்கொண்டு இருதயராஜ் பள்ளிகொண்டாவுக்குப் போனான். காசி அங்கே தன் மச்சான் வீட்டோடு இருந்துகொண்டு சாலைக்கு ஜல்லி உடைக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தான். உச்சி வெயிலில் சாலையோரம் காசியும் அவன் பெண்சாதி ராஜம்மாளும் உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். இருதயராஜ் வியர்த்து வழிந்து வந்து நின்றதைப் பார்த்து ராஜம்மாள் எழுந்து பானையிலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டாள்.

"ஏ, குடுக்காத" என்றான் காசி. "மேஸ்திரி நோம்புல இருக்காரு. அவங்களுக்கு இன்னும் பண்டிக வரல. பொழுது சாயட்டும்."

இருதயராஜுக்கு வந்த வேலையே மறந்துவிட்டது. "காசி, அன்னிக்கு நீ ஏன் சொல்லல? நான் நாக்குல வெக்கலன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே. தெனம் பக்கத்துலதான நின்னேன்." காசி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "சாமிக்கு நேந்துக்கினு வாயில எதுவும் வெக்காம இருக்கற. நான் சொன்னா மொதலாளி உன்ன வெச்சுப் பாக்கச் சொல்லுவாரு. விரதம் கலஞ்சிட்டா அந்தப் பாவம் என் தலையிலதான? வேலை போனா வேற வேலை கெடைக்கும்ணா."

சாயபுவிடம் சொன்னது எவ்வளவு சுலபம் என்று இருதயராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்படியே கும்பிடு போட்டு, முதலாளி வரச் சொன்னார் என்று மட்டும் சொல்லி, காசியைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். காசி மதிப்பில் இன்னும் அவன் விரதக்காரன்தான். உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு மதிப்பு. நாக்கு நுனிவரை அந்த ஆசை வந்து நின்றது.

அவன் ராஜம்மாள் கையிலிருந்த சொம்பை வாங்கி, காசி பார்க்க, அண்ணாந்து மடமடவென்று குடித்தான்.

"எங்க வேதத்துல தண்ணிக்குத் தடை கெடையாது காசி. எப்பவுமே கெடையாது. பட்டத்தண்ணிய வெச்சுத் துப்பறதுக்கும் கெடையாது."

காசிக்கு உடனே புரியவில்லை. "அப்போ எதுக்குணா?"

"பாய்ங்க என்ன மெச்சிக்கினாங்க. அதுக்கு."

ராஜம்மாள் காலிச் சொம்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இருதயராஜ் அழுதான்; அழுவதற்கும் வெட்கமாக இருந்தது. முதலாளி சொன்னதைச் சொன்னான். பட்டை இடிக்கப்போவது தான் என்பதையும் சொன்னான்.

காசி சம்மட்டியை எடுத்து, பாதியில் நின்ற கல்லை உடைத்து முடித்தான்.

"வர்றேன். பொழப்பு இருக்குதே." சிதறிய ஜல்லியைக் கையால் ஒதுக்கிக் குவியலில் சேர்த்தான். "ஆனா ஒண்ணு. இனிமே நீ விரதம் இருந்தா எங்கிட்ட சொல்லாத."