மூன்றாவது அடி

டயருக்குத் தோள்பட்டை கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் இதுகூடத் தெரியாமலா இருப்பேன்? ஆனாலும் டிக்யோவின் கொல்லையில், பலாமரக் கிளையில் தொங்கும் அந்த ஜீப்னி டயருக்கு முன்னால் நின்று பன்னிரண்டு அடியும் போடும்போது மூன்றாவதை நான் விழுங்கிவிடுவேன். ஒன்று இடது நெற்றிப்பொட்டில். இரண்டு வலது நெற்றிப்பொட்டில். மூன்று இடது தோளில் விழ வேண்டும். என் பிரம்பு ஒரு சாண் முன்னாலேயே நின்று, காற்றை வெட்டிவிட்டு நான்காவதுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு பன்னிரண்டு வரைக்கும் பிசகில்லாமல் போகும்.

இதற்குக் காரணம் டிக்யோ.

எங்கள் எஸ்க்ரிமாக் கம்புச்சண்டையில் தனியாக ஆடுவது என்பது தனியாகச் சீட்டாடுவதைப் போலத்தான். ஒருவன் கொடுக்க வேண்டும், ஒருவன் வாங்க வேண்டும். கொடுப்பவன் பன்னிரண்டு அடி அடிப்பான். வாங்குபவன் வலது கைப் பிரம்பால் தடுத்து, இடது கையால் அவன் மணிக்கட்டைத் தள்ளிவிடுவான். பிறகு முறை மாறும். இருபத்தாறு வருஷம், நான் பிரம்பு நாற்காலிப் பட்டறையிலிருந்தும் அவன் ஜீப்னி என்கிற பயணி வண்டியை ஓட்டிவிட்டும் வந்ததும், சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் கொல்லையில் நின்று இதைச் செய்தோம். பிரம்புகள் என் பொறுப்பு. பட்டறையில் கழித்துப்போட்ட துண்டுகளைக் கொண்டுவந்து அடுப்பில் வாட்டிக் கொடுப்பேன். அடி வாங்கிக்கொண்டே ஊர்க்கதை சொல்வது அவன் பொறுப்பு.

நான் அவனுக்குத் துணையாளாக வருவதற்கு முந்தின வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷத் திருவிழாக் கம்புப் போட்டியில், சேவல் சண்டைக் கொட்டகையில் வைத்து அவனுடைய இடது தோளை அபுந்தியோ என்பவன் உடைத்தான். அப்போதெல்லாம் தலைக்கவசம் கிடையாது, மார்புக்குப் பஞ்சு கிடையாது. என்ன ஆனாலும் வழக்குப் போட மாட்டேன் என்று இரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்கள். எலும்பு கூடியது. ஆனால் கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. மற்ற அடிகளைப் பிரம்பாலேயே சமாளித்துவிடுவான்; மூன்றாவது அடியை வாங்க மட்டும் அந்தக் கை எழும்பியாக வேண்டும். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாளே மூன்றாவதை விழுங்கினேன். ஒரு நொடி என்னை ஏறிட்டுப் பார்த்தான், பிறகு நான்காவதை வாங்கத் தயாரானான்.

போன பிப்ரவரியில் மார்வலி என்று வண்டியை ஓரமாக நிறுத்தி, பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செத்துப்போனான். சாகும்போதும் மரியாதை தெரிந்தவன். என்னிடம்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் மனைவி பசிலிசா. அவர்களுடைய ஒரே மகள் ஜெத்தாவில் நர்ஸ். அவளுக்கு ஞானத்தகப்பன் நான். அந்த உறவில் பசிலிசா எனக்கு மாரே, நான் அவளுக்குப் பாரே. நான் டயரை அடிக்கும்போது அவள் அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் இருப்பாள். ஒருநாள் சொன்னாள்.

"டக் டக்னு ரெண்டு. அப்பறம் ஒரு மூச்சு. அப்பறம் ஒம்பது. அது காதுல விழுந்துச்சுன்னா அவரு வெளிய நிக்கிறாருன்னே என் கை நெனச்சுக்குது பாரே. ரெண்டு தட்டு எடுத்து வச்சிடறேன். அப்பறம் ஒண்ண எடுத்து உள்ள வைக்கிறேன்."

"நான் வேணா இனிமே பட்டறைல போய் அடிச்சுக்கறேன் மாரே."

"நான் அப்படியா சொன்னேன்? நீங்க பாட்டுக்கு வாங்க."

நான் பாட்டுக்கு வந்தேன். ஏழு மாசம் அந்த டயரை அடித்தேன். வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை, பல்லியிடம் பேசிக்கொண்டிருந்தேன். கல்யாணம் கட்டாதவனுக்குத் தனிமை பழக்கம்தானே என்பார்கள். ஒரு மண்ணும் பழகவில்லை. தினம் ஐந்து மணிக்கு ஓர் ஆள் எனக்காகக் காத்திருந்தவரைக்கும் நான் தனியாள் என்பதே எனக்குத் தெரியாது.

கம்புச் சங்கத்தில் வேறு துணையாள் கேட்டேன். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம்: துணையாள் செத்துவிட்டால், வருஷ நினைவுக்கான திருப்பலிப் பூசை முடிகிறவரைக்கும் மிஞ்சியவனோடு யாரும் கம்பு பிடிக்க மாட்டார்கள். செத்தவன் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பானாம். குறுக்கே போனால் அடி இரண்டு பக்கமிருந்தும் விழுமாம். சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் இரும்பு மாதிரி நிற்பார்கள்.

தலைவர் செவெரினோ நல்ல மனிதர்தான். நானூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால், வெள்ளைக்காரக் கப்பற்படைத் தலைவனை மக்தான் தீவுக் கரையில் நம் ஆட்கள் வெட்டிச் சாய்த்த அன்றைக்கு, தன்னுடைய முப்பாட்டனுக்கு முப்பாட்டன் அந்தத் தண்ணீரில் நின்றதாகச் சொல்வார். இந்த ஊரில் கம்பு பிடித்த ஒவ்வொருத்தனுக்கும் ஒரு முப்பாட்டன் அங்கே நின்றிருக்கிறான். அத்தனை பேரும் நின்றிருந்தால் தண்ணீருக்கு இடமிருந்திருக்காது.

"வருஷம் முடியட்டும் புலோ," என்றார், கிரிஸ்புலோ என்ற என் பெயரைச் சுருக்கி.

"அதுக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு."

"டயர் இருக்குல்ல?"

"டயர் திருப்பி அடிக்காது."

"அப்ப கல்யாணம் பண்ணிக்க. திருப்பி அடிக்க ஆள் கெடைக்கும்," என்றான் பின்னால் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது அழுகை முட்டியது.

மற்ற சங்கங்களுக்குப் போனால் முதலில் செவெரினோவிடம்தான் கேட்பார்கள். எந்தச் சங்கத்திலும் இல்லாத, எவன் பேச்சையும் கேட்காத ஒரே ஆள் அபுந்தியோதான். டிக்யோவின் தோளை உடைத்த அதே ஆள். கடலோரத்தில் மீன் சந்தைக்குப் பின்னால் இருந்தான். எழுபத்தொரு வயது, வலை பின்னுகிற பிழைப்பு. பழிவாங்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் இடது தோளில் ஒன்று வைத்தால் டிக்யோவின் கணக்கு நேராகும் என்று. பச்சைப் பொய். என்னோடு கம்பு பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அது எதிரியாக இருந்தாலும் சரி என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

கவிழ்த்துப் போட்ட படகின்மேல் உட்கார்ந்து வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"யாரு?"

"கிரிஸ்புலோ. டிக்யோவோட துணையாள்."

"அவன் போய்ச் சேந்துட்டானாமே."

"பிப்ரவரில."

"ஏழு மாசம் கழிச்சு சாவு சொல்ல வந்தியா, இல்ல சண்டைக்கு வந்தியா?"

"சண்டைக்குத்தான் மனோய்." எதிரியானாலும் மூத்தவனை அண்ணன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"செருப்பக் கழட்டு டோங். தர ஈரமா இருக்கு. நீயா வழுக்கி விழுந்து செத்தா நான்தான் கொன்னேன்னு சொல்லுவானுங்க."

என்னை 'டோங்' என்று சின்னப் பையனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது! கோபம் வர வேண்டும். சந்தோஷம் வந்தது.

எழுந்து நின்றபோது முதுகு கூன் போட்டிருந்தது. பிரம்பு கைக்கு வந்ததும் கூனைக் காணோம். ஒன்று கொடுத்தேன், வாங்கினான். இரண்டு கொடுத்தேன், வாங்கினான். இடது தோளைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றான், வேண்டுமென்றே. இதற்காகத்தானே வந்தேன்? இருந்த பலமெல்லாம் கொடுத்து இறக்கினேன். பிரம்பு ஒரு சாண் முன்னால் நின்றது. அடுத்த நொடி என் நெற்றியில் 'டொக்' என்று விழுந்தது. பலமாக அடிக்கவில்லை, கதவைத் தட்டுகிற மாதிரிதான்.

மறுபடியும் போனேன். மறுபடியும் நின்றது. மறுபடியும் டொக். மூன்றாம் தரம் அவன் பிரம்பைத் தாழ்த்திவிட்டான்.

"இடது தோள ஏன் அடிக்க மாட்டேங்கற?"

"அடிக்கத்தான் வந்தேன்."

"அது தெரியுது. கண்ணு அங்கதான் நிக்குது. கை வரல." என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படகில் போய் உட்கார்ந்தான். "அது நான் ஒடச்ச தோளு."

நான் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"எத்தன வருஷமா?"

"இருபத்தாறு."

"நான் ஒரே ஒரு தடவ அடிச்சேன்," என்றான் மெதுவாக. "நீ இருபத்தாறு வருஷமா அடிக்காம இருந்திருக்க." வலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். "ஆசுபத்திரிக்கு ஒம்பது நாளு மீன் சாறு கொண்டு போனேன். உப்பு பத்தலன்னு திட்டிக்கிட்டே குடிச்சான். சொல்லலியா உங்கிட்ட?"

சொல்லவில்லை. ஊரில் யார் வீட்டு நாய் குட்டி போட்டது என்பதுவரைக்கும் சொன்னவன் இதைச் சொல்லவில்லை. செத்தவன்மேல் மூன்று நாள் கோபமாக இருந்தேன்.

நான் கிளம்பும்போது, "வியாழக்கெழம வா. அத எடுத்துடலாம்," என்றான் அபுந்தியோ.

"எத?"

"அந்த ஓட்டைய. அத வச்சுக்கிட்டு எங்கிட்ட வந்தா தெனம் நெத்தி வீங்கித்தான் போவ."

எதை எடுக்கப்போகிறான் என்று அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். எனக்கோ வியாழக்கிழமை என்ற ஒரே சொல்தான் காதில் விழுந்தது. எனக்கு ஒரு வியாழக்கிழமை கிடைத்துவிட்டது. போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனேன், பைத்தியக்காரன் மாதிரி.

பத்து வியாழக்கிழமை போனேன். அவன் ஒரு காலி பிஸ்கட் டின்னைத் தன் இடது தோளில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்வான். "சத்தம் கேக்கணும் டோங். இது சத்தம் போடாத வரைக்கும் உனக்குச் சோறு கெடையாது," என்பான். ஆனாலும் போடுவான். மக்காச்சோளச் சோறு, சுட்ட மீன், வினிகர். திட்டிக்கொண்டே போடுவான். அவனுக்கும் ஆளில்லை. யாரையும் ஒரு வாரத்துக்குமேல் பக்கத்தில் வைத்துக்கொள்ள அந்த நாக்கு விட்டதில்லை. எனக்கு அந்த நாக்கு பிடித்திருந்தது. புதன்கிழமையே பிரம்பைத் துடைத்து வைத்துவிடுவேன். பல்லியோடு பேச்சு நின்றுபோனது. மற்ற நாட்களில் பட்டறை முடிந்ததும் அலுப்பாக இருந்தது. டிக்யோவின் கொல்லைக்குப் போவது குறைந்துபோனது. கடைசி இரண்டு வாரம் போகவே இல்லை.

பதினோராவது வியாழக்கிழமை. ஒன்று. இரண்டு. டின் 'டணார்' என்றது.

அபுந்தியோ தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். இருமல் வருகிறவரைக்கும் சிரித்தான். "நசுங்கிப்போச்சு பாரு டின்னு! இப்பதான்டா நீ முழு ஆளு." அன்றைக்குத் தென்னங்கள்ளு ஊற்றினான். நானும் சிரித்தேன். இருபத்தாறு வருஷமாகக் கையில் கட்டியிருந்த கயிறு அறுந்தது போலிருந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன், டின் திரும்பத் திரும்பக் கத்தியது. அத்தனை சுகம்! எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதை அப்போது கவனிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் டிக்யோவின் கொல்லைக்குப் போனேன். நடந்ததை அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நானும் அவனும் பேசிக்கொள்ள அந்த டயரை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று.

விழுந்தது. டயரின் இடது பக்கத்தில், தோள் இருக்க வேண்டிய இடத்தில், நல்ல கனமாக. கை நிற்காமல் பன்னிரண்டு வரைக்கும் போய்விட்டது.

சரி, மறுபடி என்று ஆரம்பித்தேன். இந்த முறை விழுங்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது நினைப்பதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. அடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். நின்றது. ஆனால் வண்டிக்காரன் பிரேக்கை மிதித்ததுபோல நின்றது; நான்காவது அடி தடுமாறி வெளியே போயிற்று. அந்த ஒரு மூச்சு வரவில்லை. அவன் தன் கையைத் தூக்காமல் என்னைப் பார்ப்பானே, அந்த ஒரு மூச்சு. அவன் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். அதை நானே கொண்டுபோய் மீன் சந்தையில் கொடுத்துவிட்டு, வயிறார மீனும் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

மறுபடியும் அடித்தேன். பன்னிரண்டும் விழுந்தது.

அடுப்படியில் சத்தம் நின்றது. பசிலிசா கொல்லைக் கதவைத் திறந்து, படியில் நின்று, பலாமரத்தின் பின்பக்கம்வரைக்கும் பார்த்தாள்.

"யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கீங்களா பாரே?"

"இல்ல மாரே. நான்தான்."

டயரைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"யாரோ புது ஆளுன்னு நெனச்சேன்," என்றாள்.

அவள் கையில் தட்டு இருந்தது. ஒன்றுதான்.