வாசலில் இருந்த மீன் தொட்டி

ஹேமாவதிக்கு அந்தக் கண்ணாடித் தொட்டி என்றால் உயிர். சென்னையில் லட்ச ரூபாய்க்குக் கைப்பை விற்ற கடையை இழுத்து மூடிவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆலை போட்டவள் அவள். சுத்தமான தண்ணீர் கால்வாய்க்குப் போகும் வழியில், ஆலை வாசலிலேயே அந்தத் தொட்டியைக் கட்டி ஜிலேபி மீன்களை விட்டிருந்தாள். கால்வாய் போய்ச் சேருவது பழவேற்காடு ஏரியில். "இதுல ஒரு மீன் செத்தாலும் ஆலையைப் பூட்டிடறேன்" என்று மீனவக் குப்பத்தில் வாக்குக் கொடுத்திருந்தாள். ஊரே முறைத்துக்கொண்டு நின்றபோது, அவளுக்காகப் பேசிச் சம்மதிக்க வைத்தவள் மீன்காரி பச்சையம்மா.

அன்று காலை அதே பச்சையம்மா வாசலில் வாளியை இறக்கினாள்.

"இன்னாம்மா, ஜிலேபின்னா உனுக்கு அவ்ளோ இஷ்டமா? வாராவாரம் உசுரோடதான் வேணும்னு மேனேஜரு வாங்கிகினு போறாரே!"

ஹேமாவதி முட்டைகூடத் தொடாத சைவம். வாசல் தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். நேராக உள்ளே போய் மேனேஜர் பரத்தின் முன்னால் நின்றாள். கைப்பைக் கடையில் தொடங்கி அவள் கூடவே வந்தவன் அவன்.

"தொட்டி மீன் சாகுதா பரத்?"

"மெஷின தினம் ஓட்டினா கட்டுப்படியாகலக்கா. சில நாள் கழிவுத் தண்ணிய அப்படியே தொறந்து வுட்ருவோம். மீன் மிதக்கும், மாத்திடுவேன்."

"அடப்பாவி! கூடப் பொறந்தவனா நெனச்சேனேடா!"

"ஷோகேஸ் பளிச்சுனு இருந்தா போதும், எவனும் குடோன எட்டிப் பாக்க மாட்டான்னு கடையில நீங்கதானக்கா சொல்லிக் குடுத்தீங்க?"

ஹேமாவதி வெளியே போகத் திரும்பினால், கதவருகே பச்சையம்மா.

"அப்போ என்னிய ஏமாத்த என் கையாலயே மீன் வாங்கினீங்களா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது பச்சையம்மா."

"உனுக்குத் தெரியாதுன்னு நான் போய் யார்கிட்ட சொல்றது? உன்ன நம்பி ஊருல எல்லார் வாயையும் அடச்சவ நானு!"

ஹேமாவதி மெயின் ஸ்விட்சை அணைத்தாள். கழிவுநீர் ஏற்றி வந்த லாரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, கேட்டைப் பூட்டினாள். பச்சையம்மா அதற்குள் தொட்டி மீன்களை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போயிருந்தாள். சாவியோடு அவள் பின்னால் ஓடினாள் ஹேமாவதி.

"நானும் வரேன். குப்பத்துல நானே சொல்லிடறேன்."

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பச்சையம்மா வாளியை ஏற்றினாள்.

"வா, வந்து சொல்லு. ஆனா எம் பக்கத்துல மட்டும் நிக்காத."