கடல்யானைக்குப் பதினைந்து மீட்டர்

எங்களை ஊருக்கு ஏற்றிப்போகக் கப்பலிலிருந்து படகு இரண்டு மணிக்கு வரும் என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். மூன்று மணிக்குமேல் காற்று மாறிவிடும். அப்புறம் தென்துருவத்தை ஒட்டிய எங்கள் தீவுப் பக்கம் யாரும் தலைகாட்ட முடியாது. காலை எட்டு மணிக்கெல்லாம் முகாமில் எல்லாவற்றையும் கட்டியாகிவிட்டது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, குழாய்களிலிருந்த தண்ணீரை வடித்துவிட்டேன். நான்தான் மெக்கானிக். மிச்சமிருந்தது கொட்டகைக்குள் பதினோரு பெட்டிகள் மட்டும். எலாதியோ கோடை முழுவதும் மலைச்சரிவில் தவழ்ந்து உடைத்தெடுத்த பாறைத் துண்டுகள் அவற்றில் இருந்தன.

பெட்டிகளைத் தூக்கப் போனோம். கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு ஓர் ஆண் கடல்யானை தூங்கிக்கொண்டிருந்தது. சீல் இனத்திலேயே பெரியது; நாலு டன் இருக்கும். தோல் உரிகிற பருவம். பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோல் முதுகெல்லாம் பெயர்ந்து தொங்கியது. நாற்றம் எங்களுக்கு முன்பே வந்து நின்றது.

எலாதியோ துடைப்பக் கட்டையை எடுத்தார்.

"கட்டையைக் கீழ போடு!"

முகாம் தலைவி சுலேமா. இருபது வருடமாகக் கடல்யானைகளை ஆராய்கிறவர். தூங்குகிற கடல்யானைக்குப் பதினைந்து மீட்டருக்குள் யாரும் போகக் கூடாது என்று எங்கள் முகாமுக்கு விதி எழுதியவரும் அவர்தான்.

"தோல் உரியிறப்ப அது தண்ணிக்குப் போகாது, சாப்பிடாது. இப்ப கெளப்பினா உடம்புல இருக்கிற கொழுப்பு வீணாப் போகும். தானா எந்திரிக்கட்டும்," என்றார்.

"தானா எப்ப எந்திரிக்கும்?"

"மூணு வாரம் ஆகலாம்."

எலாதியோவுக்குக் காது சிவந்துவிட்டது. நான்கு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் இவர் அவருடைய கடல்யானைகளைக் கொழுப்பு மூட்டை என்பார், அவர் இவருடைய பாறைகளை ஜல்லி என்பார். இன்று ஜல்லியை மூட்டை மறித்துக்கொண்டது.

"பின்சுவர்ல ரெண்டு பலகையைக் கழட்டிட்டா அந்தப் பக்கமா எடுத்துரலாமே?" என்றேன்.

சுலேமா நாடாவை எடுத்து வந்து சுற்றிவளைத்து அளந்தார். விலங்கின் வாலிலிருந்து பின்சுவர் வரை ஒன்பது மீட்டர்.

"ஆறு மீட்டர் குறையுது," என்றார். அவருக்கும் வருத்தம்தான்.

"நீ எழுதின விதிதானே சுலேமா, நீயே மாத்து!" என்றார் எலாதியோ.

"எனக்கு வசதியா இருக்குன்னு மாத்தினா அதுக்குப் பேரு விதியா?"

சமையல்காரர் ஒர்தென்சியோ கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம் டாக்டரம்மா. நீங்க மட்டும் தெனமும் அதுங்க மூக்குக்கிட்டயே போய்க் குந்தியிருந்தீங்களே?"

"எனக்கு அனுமதிச் சீட்டு இருக்கு. எனக்கும் ஒரு உதவியாளருக்கும். ஆராய்ச்சிக்காக மட்டும்."

அந்த உதவியாளர் பல்வலி தாங்காமல் ஜனவரியிலேயே ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் எலாதியோவைப் பார்த்தோம்.

"முடியவே முடியாது," என்றார் அவர். பிறகு கொட்டகையைப் பார்த்தார். "என்ன செய்யணும்?"

"மூச்சு எண்ணணும். ஒவ்வொரு மூச்சுக்கும் நேரம் எழுதணும். சும்மா பேருக்குன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

இப்படியாக, பாறை ஆராய்ச்சியில் முப்பது வருட அனுபவமுள்ள எலாதியோ, ஒன்பதேகால் மணிக்குக் கடல்யானை உதவியாளர் ஆனார்.

எனக்குச் சீட்டு இல்லை. பதினைந்து மீட்டரில் கயிறு கட்டி அதன் பின்னால் நின்றேன். சத்தம் போடவும் கூடாது என்பதால் திருகாணி கழற்றக் கையாலேயே பாடம் நடத்தினேன். இடது பக்கம் திருகு என்று மணிக்கட்டைச் சுழற்றினால், எலாதியோ தன்னைச் சுற்றி வரச் சொல்வதாக நினைத்துக் கொட்டகையையே ஒரு சுற்று சுற்றி வந்தார். "இவனுக்கு முட்டை அடிக்கவே சொல்லித்தர முடியாது," என்று ஒர்தென்சியோ என் காதில் முணுமுணுத்தார். இரண்டு பலகை கழற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது.

அப்புறம் வேலை ஓடியது. ஒரு பெட்டியை எலாதியோவும் சுலேமாவும் தூக்கிக் கயிறு வரை கொண்டுவருவார்கள். நானும் ஒர்தென்சியோவும் வாங்கிக் கரைக்குக் கொண்டுபோவோம். எலாதியோ ஓடிப் போய்க் குறிப்பேட்டில் மூச்சை எழுதுவார். பத்தாவது பெட்டி வந்தபின் அவர் திரும்பி வரவில்லை. விலங்கின் முகத்துக்கு எதிரே மண்டியிட்டிருந்தார்.

"சுலேமா!" என்று கிசுகிசுத்தார். அமைதியில் அது எங்களுக்கும் கேட்டது. "மூச்சு இல்ல. பதினாறு நிமிஷம் ஆச்சு."

"சரி."

"சரியா? செத்துப் போச்சு சுலேமா! என் கல்லுக்காக ஒரு உசிரு போச்சு!" அவர் கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வழிந்தது.

"எண்ணிக்கிட்டே இரு."

"உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

பதினெட்டாவது நிமிடம் கடல்யானை மூக்கைத் திறந்து, அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தத்தையும் எலாதியோவின் முகத்தில் விட்டது. மூச்சு மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. தாடி, கண்ணாடி, கழுத்துப்பட்டி எல்லாவற்றிலும் சளி வழவழவென்று வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார், பிறகு சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

"தூக்கத்துல இப்படித்தான் அடக்கும்," என்றார் சுலேமா.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா இவ்வளவு கவனமா எண்ணியிருப்பியா?"

பதினோராவது பெட்டி வந்தது. பலகைகளும் திரும்பிச் சுவரில் ஏறின. இரண்டு மணிக்குப் படகு வந்துவிட்டது. எலாதியோ மட்டும் வரவில்லை.

"இன்னும் ஒரே ஒரு மூச்சு!" என்று கையைக் காட்டினார். படகோட்டி எங்கள் எல்லோருடைய அம்மாக்களையும் இழுத்துத் திட்டினான். கடைசியில் சுலேமா போய் அவரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவந்தார்.

படகில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார முடியவில்லை. அப்படி ஒரு நாற்றம். சுலேமா மட்டும் உட்கார்ந்து குறிப்பேட்டை மடியில் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார்.

"இதென்ன, மூணாவது வரியில நேரம் சுமாரா போட்டிருக்க?"

"அப்ப நான் பெட்டி தூக்கிட்டு இருந்தேன்."

"அப்ப அதை அடிச்சிரு. பார்க்காததை எழுதக் கூடாது."

எலாதியோ பென்சிலை வாங்கி அந்த வரியை அடித்தார். அடித்துவிட்டு, மிச்சமிருந்த வரிகள் எத்தனை என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.