ஒரு விரல் லாச்சி

பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கிவந்து வீட்டு முன்னால் ஓடும் குறுகிய ஒழுங்கையில் பரப்பிக்கொண்டிருந்த கஜீவனின் காதில், ‘ஒரு விரல்’ என்ற பேச்சு அன்று காலை நாலாவது தடவையாக விழுந்தது.

இம்முறை சொன்னவர் கராஜுக்குப் பக்கத்து ஆணிக்கடை நப்ரீஸ். வினோதன் நானாவின் லாச்சியை, எவ்வளவு பாரமான இழுப்பறையானாலும், ஒரு விரலால் இழுக்கலாம், அப்படி ஒரு கை இனி வராது என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். கஜீவன் கையிலிருந்த நாற்காலியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தான்.

உள்ளே கூடத்தில் அண்ணன் வினோதன் பெட்டிக்குள் கிடந்தான். முந்தாநாள் மருதானைக் கராஜில், ஒரு ஜீப்பின் பின்பக்கத்துக்குள் அளவெடுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழும்பவில்லை. நாற்பத்தேழு வயது. காட்டுக்கும் மலைக்கும் வாரக்கணக்கில் பயணம் போகிறவர்களின் ஜீப்புகளுக்கு லாச்சிகளும் படுக்கைப் பலகையும் அடுப்புத் தட்டும் செய்து பூட்டிக் கொடுப்பது அண்ணன் தம்பி இருவரின் தொழில். இருவரின் தொழில் என்று சொல்வது கஜீவன் மட்டும்தான். மற்றவர்களுக்கெல்லாம் அது வினோதனின் வேலை.

ஆனால் அந்த ஒரு விரல் கஜீவனுடையது. டொலர் இல்லாமல் நாடு திண்டாடிய வருடம், லாச்சிகள் ஓடும் இரும்புச் சட்டங்கள் வருவது நின்றுபோனது. முதிரை மரத்தில் சட்டம் செய்து பார்த்தார்கள். லாச்சி இறுகியது. கரண்ட் போன ஒரு பின்னேரம் மெழுகுதிரி சரிந்து சட்டத்தில் வழிந்தது. துடைக்கப் போன கஜீவன் துடைக்காமல் தேய்த்துப் பார்த்தான். லாச்சி வழுக்கிக்கொண்டு போனது. அந்த வாரம் வந்த ஒரு வாடிக்கையாளர் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, “வினோதன், நீர் ஆள்தான்” என்றார். அண்ணன் சிரித்தான். தான் என்றும் சொல்லவில்லை, தம்பி என்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைக் கஜீவன் மூன்று வருடமாக அணையவிடாமல் வைத்திருந்தான்.

அதைவிடப் பெரிய புண் ஹியூபேட் என்ற வாடிக்கையாளரின் ஜீப். அதன் கீழ் லாச்சியை அளவு முதல் பூச்சு வரை கஜீவன் தனியாகச் செய்திருந்தான். ஜீப் போய் ஒரு மாதத்தில் அவன் ஒரு கல்யாணத்துக்காக வவுனியாவுக்குப் போய் நாலு நாள் நின்றான். திரும்பி வந்தபோது அந்த ஜீப் கராஜில் நின்றது. லாச்சியின் முகத்தில் துளை போட்டு அண்ணன் ஒரு பித்தளைக் கொளுக்கி பூட்டியிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, “இருக்கட்டும்” என்ற ஒரு சொல்தான் பதில்.

“என்ர வேலையில கை வைக்காட்டி உங்களுக்குச் செமிக்காது” என்று கஜீவன் கத்தினான். அதன்பிறகு ஐந்து மாதம் இருவரும் அளவுகளை மட்டுமே கதைத்தார்கள். கொளுக்கியோ எல்லா வண்டிகளுக்கும் போனது. அதற்கும் பாராட்டு அண்ணனுக்கே.

பதினொரு மணிக்குப் பெட்டியைச் சுடலைக்கு ஏற்றிப்போக மலர்ச்சாலை வாகனம் வந்தது. ஒழுங்கை வாயில் ஒரு ஜீப் மறித்துக்கொண்டு நின்றது. அண்ணி மிதுனா அழுகைக்கு நடுவே தலையைத் தூக்கி, அதை எடுக்கச் சொல்லும்படி கஜீவனை அனுப்பினாள். ஜீப் ஹியூபேட்டுடையது. அவர் அதற்குப் பக்கத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். கஜீவனைக் கண்டதும் பின்கதவைத் திறந்து, கீழ் லாச்சியின் கொளுக்கியைத் தடவிக் காட்டினார்.

“இது இல்லாட்டி என்ர வைஃப் இண்டைக்கு இந்த வண்டியில ஏறமாட்டா, தம்பி.”

முதல் பயணத்தில் மலையேற்றத்தில் நிறுத்திப் பின்கதவைத் திறந்திருக்கிறார்கள். அடுப்பும் பாத்திரங்களுமாகக் கீழ் லாச்சி தானாகவே பாய்ந்துவந்து மனைவியின் முழங்காலில் இடித்திருக்கிறது. ஏழு தையல். மனைவியை வீட்டில் விட்டுவிட்டு ஹியூபேட் நேரே கராஜுக்கு வந்து சண்டை பிடித்திருக்கிறார்.

“இத ஆர் செஞ்சது எண்டு கேட்டன். ‘நான்தான் சேர், மெழுகு கூடிப்போச்சு’ எண்டாரு. அண்டைக்கே வீட்ட வந்து அவட்ட மன்னிப்பும் கேட்டாரு. இந்தக் காலத்தில ஆர் அப்பிடிச் சொல்லுவான்?”

கஜீவன் குனிந்து லாச்சியின் அடியைப் பார்த்தான். பார்க்கத் தேவையில்லை. பென்சிலால் அவன் போட்ட ‘க’ அங்கே அழியாமல் இருந்தது.

அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. புகழை வாங்கிய மனிதர் பழியையும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறார். தம்பிக்கென்று ஒன்றையும் மிச்சம் விடவில்லை. இனி யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

“ஜீப்பைக் கொஞ்சம் முன்னால எடுங்கோ, சேர்” என்றான்.

வினோதனுக்கு இரண்டும் பெண்கள். கொள்ளி வைக்கவேண்டியவன் கஜீவன் என்பதால், அன்று முதன்முறையாக எல்லோரும் அவனைத் தேடினார்கள். தலையில் தண்ணீர் வார்த்தார்கள், ஈர வேட்டியோடு நிறுத்தினார்கள், சொன்னதையெல்லாம் செய்தான். வாய்க்கரிசி முடிந்து பெட்டியை மூடித் தூக்கினார்கள்.

வாகனத்துக்குள் பெட்டி பாதிதான் போனது. தட்டிலிருந்த உருளைகள் துருப்பிடித்துச் சுற்றவில்லை. ஆறு பேர் தள்ளியதும் மரம் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கு அண்ணியின் அழுகை இன்னும் கூடியது. சாரதி சிங்களத்தில் ஏதோ சமாதானம் சொன்னான்.

“மெழுகுதிரி இருக்கா?” என்று கஜீவன் கேட்டான்.

யாரோ வீட்டுக்குள் ஓடுவதற்குள் ஹியூபேட் ஜீப்புக்குப் போய் ஒரு மெழுகுதிரித் துண்டோடு வந்தார். லாச்சியின் மூலையில் அதற்கென்றே அண்ணன் ஒரு துளை வெட்டிக் கொடுத்திருந்தானாம். கஜீவன் வாகனத்துக்குள் ஏறி முழங்காலில் இருந்தான். பெட்டியின் அடி விளிம்பிலும் உருளைகளிலும் அழுத்தித் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் கைக்குப் பழகிய அந்த வழுக்கல் வந்தது. நப்ரீஸ் லேசாகத் தள்ளினார். பெட்டி சத்தமில்லாமல் உள்ளே போனது.

“பாத்தீங்களா?” என்றார் ஹியூபேட் எல்லோருக்கும் கேட்கும்படி. “வினோதன்ட மெழுகு.”

ஒழுங்கையே அங்கே நின்றது. அண்ணி, இரண்டு பிள்ளைகள், கராஜ் ஆட்கள், மூன்று வருடத்து வாடிக்கையாளர்கள். இன்றைக்கு விட்டால் இனி இவர்கள் ஒன்றாக வரப்போவதில்லை.

“அது...” என்று கஜீவன் தொடங்கினான்.

சாரதி வாகனத்தைக் கிளப்பினான். ஒழுங்கை பெரிய தெருவுக்கு ஏற்றமாகத்தான் ஏறும். சக்கரம் இரண்டு முழம் உருள்வதற்குள் பெட்டி பின்னோக்கி நகர்ந்தது. கஜீவன் பாய்ந்து அதன் கால்மாட்டில் உள்ளங்கையை வைத்தான். சாரதி திரும்பிப் பார்த்து, பெட்டி நகராமல் மறிக்கிற ஆணி போன கிழமை தொலைந்துவிட்டது என்றான்.

“கஜீவன், என்னவோ சொல்ல வந்தீர்?” என்று வெளியிலிருந்து ஹியூபேட் கேட்டார்.

“ஒண்டுமில்ல. கதவைச் சாத்துங்கோ.”

வாகனம் மெதுவாக ஏறியது. அண்ணனின் பாரம் முழுக்க அவன் கையில் வந்து நின்றது. மெழுகு கூடித்தான் போயிருந்தது.