மலைமுதுகனுக்குக் கீழே தெரியாது

துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவதுதான் அவர் வேலை. "சமதளத்தில் வைக்கவும்", "ஈரக்கையால் தொட வேண்டாம்" என்று பத்தொன்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒரு ஜீவன்கூட அதைப் படித்ததில்லை என்பது அவருக்கே தெரியும். தன் வீட்டுக்குப் புது இயந்திரம் வந்தபோது, தான் எழுதிய கையேட்டையே உறை பிரிக்காமல் ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்தவர் அவர். தெருவில் கையேட்டுக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அவர் வேறு ஆள். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு ஒன்றை அவர்தான் நடத்துவார். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, "கதவை உடைக்கிறேன்", "கூரை மேல ஏறுறேன்" என்று வாயால் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மிச்ச உலகம் முழுக்க, மழை, மன்னன், மிருகம் எல்லாமே, நடத்துகிறவர் பொறுப்பு. ஆபீஸில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாத மனிதருக்கு இந்த மூன்று மணி நேர ராஜ்ஜியம் எப்படி இனித்திருக்கும்!

குடிமக்கள் மூன்று பேர். ஒருத்தி அவருடைய தங்கை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அடுத்தவர் அவள் வீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர், இவருக்கு மாப்பிள்ளை. மூன்றாவது கீழ்வீட்டு லாரி அக்கா. கல் குவாரியில் மாடி வீட்டு உயரத்துக்கு நிற்கும் லாரியை ஓட்டுகிறவர். வயதில் இவரைவிடச் சின்னவர்தான். இருந்தாலும் அந்த வண்டியை ஓட்டுகிறவரை அக்கா என்று கூப்பிடாமல் இருக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

வினை ஒரு ராட்சத மிருகத்தால் வந்தது. போன மழைக்காலத்தில் கையேட்டுக்காரர் ஒரு கோட்டை உயரத்துக்கு மிருகம் ஒன்றைக் கதைக்குள் இறக்கினார். ஆடுகிறவர்கள் அலறி ஓடுவார்கள் என்பது அவர் கணக்கு. அவர்களோ நேரே போய் அதன் கால் கட்டைவிரலைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"கட்டைவிரலை வெட்டுறேன்" என்றார் மாப்பிள்ளை.

"நானும்" என்றாள் தங்கை.

மூன்று மணி நேரம் வெட்டினார்கள். கடைசியில் அந்த மகா மிருகம் கட்டைவிரல் காயத்தால் செத்துப்போனது. அவமானம் இவரைப் பிடுங்கித் தின்றது. பெரிய மிருகம் என்றால், சாவதற்கு முன் நிறைய அடி தாங்கும் பெரிய உயிர்க்கணக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? உலகத்தில் யாரும் சரியான விதி எழுதவில்லை, நாம் எழுதுவோம் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்.

ஐந்து மாதம் எழுதினார். முப்பத்தெட்டுப் பக்கம். மிருகத்துக்கு மலைமுதுகன் என்று பெயர். பதினெட்டு உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி உயிர்க்கணக்கு. முதுகில் ஏற ஒரு அட்டவணை, வழுக்க ஒரு அட்டவணை, தும்மினால் ஒரு அட்டவணை. மனைவி ஒரு நாள் முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தார்.

"என்னங்க, 'மிருகத்தைக் களத்தில் இறக்கும் முன் தளம் சமமாக உள்ளதா என உறுதிசெய்யவும்'னு போட்டிருக்கீங்க?"

"கை பழக்கம்."

"மாடல் நம்பர் மட்டும்தான் பாக்கி."

அவர் கண்டுகொள்ளவில்லை. பெரிய காரியம் செய்கிறவர்களுக்கு வீட்டில் இப்படித்தான் நடக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

அரங்கேற்ற நாள் வந்தது. ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். இருபது நிமிஷம் முன்னுரை பேசினார். லாரி அக்கா இரண்டு முறை கொட்டாவியை விழுங்கினார். ஒருவழியாக மலைமுதுகன் ஆற்றைக் கடந்து ஊர் எல்லையில் வந்து நின்றான். தங்கை அவனுக்குப் பின்பக்கமாக ஓடினாள். அவளைப் பிடிக்க அவன் திரும்ப வேண்டும். ஒன்பதாம் அட்டவணைப்படி இவ்வளவு எடையுள்ள மிருகம் திரும்பினால் நிலை தடுமாறுகிறதா என்று பகடை போட வேண்டும். கையேட்டுக்காரர் கம்பீரமாகப் பகடையை உருட்டினார்.

ஒன்று விழுந்தது. இருப்பதிலேயே மட்டமான எண்.

"அப்போ விழுந்துட்டான்" என்றாள் தங்கை. பக்கத்தைப் புரட்டினாள். "விழுந்தா எடையை உயரத்தால பெருக்கி, அவ்வளவையும் உயிர்ல கழிக்கணும். அண்ணா, நீதான் எழுதியிருக்கே."

மாத்திரை எண்ணிப் பழகிய மாப்பிள்ளை மனக்கணக்கிலேயே போட்டுவிட்டார். கொஞ்சம் தயங்கினார். "மச்சான், தப்பா நினைக்காதீங்க. செத்துட்டான்."

"எல்லா உறுப்புமா?"

"எல்லாமே. மிச்சக் கணக்குல இன்னொரு தடவையும் சாகலாம்."

"இருங்க, இருங்க. இதுக்கு ஒரு விலக்கு இருக்கும்." அவர் பரபரவென்று தாள்களைக் கிளறினார். பக்கத்தின் அடியில், கொட்டை எழுத்தில், தன் கைப்பட எழுதியது தெரிந்தது: 'இவ்விதிக்கு எவ்வித விலக்கும் இல்லை.' ஒவ்வொரு கையேட்டிலும் அவர் விரும்பிப் போடும் வாக்கியம் அது.

லாரி அக்காதான் முதலில் சிரித்தார். அப்புறம் மூன்று பேரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அடுத்த அறையிலிருந்து மனைவி சிரிப்பதும் கேட்டது. ஐந்து மாத உழைப்பு நாலு நிமிஷத்தில், தன் காலே தன்னைத் தடுக்கி, மண்ணைக் கவ்வியது.

ஒரு வாரம் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்ட வேலை செய்யப் போவதாக அறிவித்தார். அவர் வீட்டில் தோட்டம் கிடையாது. யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. அதுவும் அவருக்குக் கோபமாக இருந்தது.

அந்த சனிக்கிழமை குவாரியில் பார்வையாளர் நாள். ஓட்டுநர்கள் வீட்டு ஆட்களை வண்டியில் ஏற்றிக் காட்டலாம். லாரி அக்கா வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். "சும்மாதானே இருக்கீங்க, வாங்க" என்று அக்கா இவரை இழுத்துக்கொண்டு போனார்.

சக்கரமே இரண்டு ஆள் உயரம். பதினேழு படி ஏணி. கையேட்டுக்காரர் தலைக்கவசத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். கண்ணாடிக்கு வெளியே குவாரி முழுக்கத் தெரிந்தது. வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. முன்னால் ஒரு ஆரஞ்சுக் கொடி தன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"அது என்ன கொடி?"

"அதுக்குக் கீழ ஒரு ஜீப் இருக்கு. எங்க சூப்பர்வைசர் உள்ள இருக்காரு."

"ஜீப்பே தெரியலையே!"

"எனக்கும்தான் தெரியாது. பதினோரு வருஷமா தெரியாது." அக்கா ஹார்னை இரண்டு முறை அடித்தார். உடனே கிளம்பாமல் உதட்டுக்குள் எண்ணினார். "முன்னாடி போறதுன்னா ரெண்டு, பின்னாடின்னா மூணு. அடிச்சிட்டு காத்திருக்கணும். சொல்லிட்டா சொன்னபடி போகணும். நடுவுல மனசு மாறினா, கீழ இருக்கிறவன் எந்தப் பக்கம் ஓடுவான்?"

வண்டி அசைந்தது. கையேட்டுக்காரர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கொடியை மட்டும் பார்த்தார். தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவர் பயப்படவில்லை. அந்தக் கொடிக்காகத்தான் பயந்தார். கொடி வலது பக்கம் ஒதுங்கியபோது அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அக்கா அதைத் தூசி என்று நினைத்துக் கைக்குட்டை நீட்டினார். அவரும் தூசி என்றே சொல்லி வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் ஓரமாகப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மலைமுதுகனுக்கு இனி உயிர்க்கணக்கே இல்லை; அவனைக் கொல்ல முடியாது. அவனுக்கு யார் மேலும் கோபமும் இல்லை. அவனுக்குக் கீழே தெரியாது, அவ்வளவுதான். அடுத்த அடியை எங்கே வைக்கப் போகிறான் என்று நடத்துகிறவர் ஒரு சுற்று முன்னதாகவே உரக்கச் சொல்லிவிட வேண்டும். சொன்னதை மாற்றக்கூடாது. சத்தத்தாலோ நெருப்பாலோ அதற்கடுத்த அடியைத் திருப்பப் பார்க்கலாம். பாதத்துக்கு அடியில் இருப்பவருக்குப் பகடை கிடையாது, சாவுதான். எல்லாம் அரைப் பக்கத்தில் அடங்கியது. கை அரித்ததால் ஆறு பக்கத்துக்குப் பாதுகாப்புக் குறிப்புகள் சேர்த்தார். மனைவி பென்சிலை எடுத்து ஆறு பக்கத்தையும் அடித்தார்.

அடுத்த ஞாயிறு, மருந்துப் பெட்டிகளை அடுக்கி ஊர் கட்டினார்கள். ஒரு செருப்புப் பெட்டியின் மூடிதான் மலைமுதுகன் பாதம்.

"அடுத்த அடி, தானியக் கிடங்கு மேல" என்றார் கையேட்டுக்காரர்.

மாப்பிள்ளை மணியடித்து ஜனங்களைக் கிளப்பினார். லாரி அக்கா குன்றின் மேல் வைக்கோலைக் கொளுத்தினார். மூடி இறங்கியது, பெட்டி நசுங்கியது. மூன்றாவது சுற்றில் எல்லோரும் எழுந்து நின்றே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த அடி, மேற்குத் தெரு."

மேற்குத் தெருவில் தங்கையின் பாத்திரம் இருந்தது. நாலு வருஷமாக அவள் வளர்த்த திருடி. எளிதாகத் தப்பியிருக்கலாம். ஆனால் தெருக்கோடி லாயத்தில் ஒரு கழுதை கட்டிக் கிடக்கிறது என்று பேச்சுவாக்கில் இவர் சொல்லித் தொலைத்திருந்தார்.

"நான் கழுதையை அவுக்கப் போறேன்."

"அவுத்துட்டு வெளிய வர நேரம் இருக்காது."

"நீ மிதிக்க மாட்டே, அண்ணா" என்று சிரித்தாள் அவள்.

பகடை போட்டாள், கயிறு அவிழ்ந்து கழுதை ஓடியது. அவள் தெருவில்தான் இருந்தாள். கையேட்டுக்காரர் மூடியைக் கையில் எடுத்தார். ஒரு விலக்கு, ஒரே ஒரு விலக்கு எழுதியிருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. லாரி அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையேட்டுக்காரர் மூடியை மெதுவாக மேற்குத் தெரு மேல் வைத்தார்.

தங்கை தன் திருடியின் விவரம் எழுதிய தாளை நாலாக மடித்தாள். செருப்பை மாட்டினாள். யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். பின்னாலேயே ஓடிய மாப்பிள்ளை வாசலில் ஒரு நொடி நின்று, "பிரமாதம் மச்சான். ஆனா நான் அப்படிச் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார்.

மறுநாள் காலை அம்மா போன் செய்தார்.

"என்னடா, தங்கச்சியை மிதிச்சிட்டியாமே?"

"நான் இல்லம்மா. மலைமுதுகன்."

"அவன் எந்தப் பயலோ எனக்குத் தெரியாது. நாப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னும் தங்கச்சியை அழ வைக்கிறே. போய் மன்னிப்புக் கேளு."

திட்டு வாங்கிக்கொண்டே அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் எழுதிய ஒரு விதிக்காக முதல்முறையாக ஒருவர் அழுதிருக்கிறார்! இந்தப் பெருமையை வெளியே சொல்ல முடியாது என்பதுதான் கஷ்டம்.

அடுத்த மாதம் வரை தங்கை பேசவில்லை. பேசியபோது ஒரு நிபந்தனை போட்டாள்: இனி மலைமுதுகனை அவள் நடத்துவாள், அண்ணன் ஊருக்குள் ஒரு ஆளாக நிற்க வேண்டும். கையேட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். அந்த விதிகளை அவரைவிட அறிந்தவர் யார்? ஒரு வீரனை உருவாக்கி, ஆற்றங்கரையில் கம்பீரமாக நிறுத்தினார்.

இரண்டாவது சுற்றிலேயே செத்துப்போனார். அடுத்த அடி ஆற்றங்கரை என்று தங்கை தெளிவாகச் சொன்னாள். மாப்பிள்ளையும் லாரி அக்காவும் "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தினார்கள். அவர்தான், கரை என்பதில் படித்துறையும் சேருமா என்று அரைப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்.