பதினாலு வயசுக் குரல்

கண்ணாடிக் கடையில் அவளை அடையாளம் கண்டுகொள்கிறவர்கள் எல்லோருமே நாற்பதைத் தாண்டியவர்கள். கிட்டத்து எழுத்து மங்குகிறது என்று வருவார்கள். அவள் அளவுகோலை அவர்கள் கண்ணுக்கு நேரே பிடித்து, "என் நெத்தியப் பாருங்க சார்" என்று சொல்லும்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்ப்பார்கள்.

"நீங்க... சிட்டு தானே?"

"ஆமா சார். தலைய ஆட்டாதீங்க."

பதினாலு வயதில், பாட்டு மேடைகளில், அவள் எல்லோருக்கும் சிட்டு. இரட்டைச் சடை, மஞ்சள் ஷூ, உச்சிக்குப் போய் நின்றுகொண்டு சிரிக்கிற குரல். அவள் முகம் போட்ட பென்சில் பெட்டி இல்லாத வகுப்பறை கிடையாது. அண்ணன் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு அவள் பெட்டிகளைத் தூக்கினான். பிறகு அவளுடைய மேனேஜர் ஆனான். அவள் குரல் கனக்கத் தொடங்கியதும் போன் மணி நின்றுபோயிற்று. கொஞ்ச காலம் அழுதாள். அப்புறம் கண்ணாடிக் கடையில் சேர்ந்து, அந்த வேலையில் கெட்டிக்காரி என்று பேரும் எடுத்தாள். கல்யாணம் ஒன்று வந்தது, போய்விட்டது. அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தாள். அண்ணன் மட்டும் என்னென்னவோ தொழில் செய்து பார்த்து, எதுவும் ஒட்டாமல், யார் கேட்டாலும் "சிட்டுவோட மேனேஜர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

யாரோ ஒருவர் அவளுடைய பழைய மேடை நிகழ்ச்சியை இணையத்தில் போட்டுவிட, அது கை மாறி கை மாறிப் பரவியது. ஒரு பாட்டுக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். புது ஆல்பம், அதே சிட்டு. அண்ணன் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. "எனக்கு இதெல்லாம் வேணாம்ணா" என்று சொல்ல வாயெடுத்தவள் அதைப் பார்த்துவிட்டு, "எப்போ வரச் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவளுக்கு இல்லை. வாரம் முழுக்கக் கடையில் நின்ற கால்களோடு, பஞ்சு ஒட்டிய சின்ன ஒலிப்பதிவு அறைக்குள் போய் மறுபடியும் நிற்பாள். அண்ணி கொடுத்தனுப்பிய வெந்நீர் ஆறிப்போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர். அவருக்குப் பின்னால் நகத்தைக் கடித்தபடி அண்ணன். பாட்டு ஏற ஏற அவள் கழுத்து நரம்பு புடைக்கும். உச்சிக்கு ஒரு படி கீழேயே குரல் மடங்கி உட்கார்ந்துவிடும்.

"கொஞ்சம் ஸ்ருதிய இறக்கிக்கலாமா மேடம்?" என்பார் இன்ஜினியர்.

"வேணாம் வேணாம்" என்று அண்ணன் முந்திக்கொள்வான். "சிட்டுன்னாலே அந்த ஸ்ருதிதான். பாப்பா, இன்னொரு தடவ பாடும்மா."

அவள் இன்னொரு தடவை பாடுவாள். வீட்டுக்கு வந்து பேசக்கூட முடியாமல் சைகையில் சாப்பாடு வேண்டாம் என்பாள். "தொண்டை என்ன ரப்பரா, இழுத்துக்கிட்டே இருக்க?" என்று அண்ணி யாரிடம் என்றில்லாமல் சத்தம் போடுவாள்.

ஒருவழியாகப் பாடி முடித்தாயிற்று. ஆல்பம் தயார், வந்து கேளுங்கள் என்று கம்பெனியில் கூப்பிட்டார்கள். கம்பெனி மேலாளர் அம்மாள் வாசல்வரை வந்து கூட்டிப்போய் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தாள். பாட்டு தொடங்கியது.

பழைய பாட்டைப் போடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அதே குரல், மஞ்சள் ஷூ போட்டுக்கொண்டு துள்ளுகிற குரல். ஆனால் வரிகள் புதியவை. அவள் போன மாதம் தொண்டை கிழியப் பாடிய பாட்டு. எந்த இடத்தில் அவள் மடங்கி விழுந்தாளோ, அந்த இடத்தில் குரல் அலட்டிக்கொள்ளாமல் ஏறி உச்சியில் நின்று சிரித்தது.

"யாரு இது?" என்றாள்.

"நீங்கதான் மேடம்!" மேலாளர் அம்மாளுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "உங்க பழைய பாட்டையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கேக்கக் குடுத்தோம். அது உங்க சின்ன வயசுக் குரலக் கத்துக்கிச்சு. இப்ப நீங்க பாடுனத அந்தக் குரல்ல திருப்பிப் பாடுது."

"அப்ப நான் பாடுனது?"

"உள்ளுக்குள்ள இருக்கு மேடம். இழுப்பு, நெளிவு, உணர்ச்சி எல்லாமே உங்களோடதுதான். மேல் பூச்சு மட்டும்தான் வேற."

இன்ஜினியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தும் இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். தெருமுனையில் இறங்கியதும் அவன்தான் பேச்செடுத்தான்.

"உன்னக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான் பாப்பா..."

"அப்ப எதுக்குண்ணா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என்னப் போட்டு வறுத்தெடுத்த?"

"நீ அந்த உச்சிய எட்டிடுவேன்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் நெனச்சேன்." அவன் நடையை நிறுத்தினான். "உனக்குக் கடை இருக்கு. பிடிச்ச வேலை இருக்கு. எனக்குச் சிட்டுவ விட்டா வேற என்ன தெரியும் சொல்லு?"

கோபப்பட்டிருக்கலாம். கோபப்படுவதற்குக்கூட அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. கால் வலித்தது. "சரி, வா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆல்பம் வெளியானது. 'குரல் கொஞ்சம்கூட மாறவில்லை' என்று எல்லோரும் எழுதினார்கள். பேட்டிகளில் ரகசியம் என்ன என்று கேட்டார்கள். வெந்நீர், தூக்கம், தினசரிப் பயிற்சி என்று கம்பெனி எழுதிக்கொடுத்ததை அவள் ஒப்பித்தாள். ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் மூட்டை இறக்கியவள் மாதிரி எங்கேயாவது உட்கார்ந்துகொள்வாள். கடையில் அவள் கை முதல் தடவையாகத் தடுமாறியது. ஒரு கண்ணாடிக்கு வலது இடது மாற்றி லென்ஸ் போட்டுவிட்டாள்.

ஒரு மாலை, ரசிகர் சந்திப்பு. அரங்கு நிறையத் தலை நரைத்த பிள்ளைகள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து, "ரெண்டே ரெண்டு வரி பாடுங்க சிட்டு, எங்களுக்காக" என்றாள். மேடை ஓரத்தில் நின்ற அண்ணனின் முகம் வெளுத்தது. "தொண்டை சரியில்ல" என்று சொல்லும்படி கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்ல அவள் மைக்கை எடுத்தாள். பொய் சொல்வதற்கும் தெம்பு வேண்டும். அன்றைக்கு அது இல்லை. தனக்கு வசதியான இடத்தில் ஸ்ருதியைப் பிடித்து, தாழப் பாடினாள்.

சிலர் கைதட்டினார்கள். பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருவர், "தொண்டை கட்டிருக்காம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"இல்லைங்க. என் குரலே இதுதான். ஆல்பத்துல பாடுறது பதினாலு வயசுப் பொண்ணு. அவளுக்கு இப்ப நாப்பத்திரண்டு ஆயிடுச்சு."

சிலர் சிரித்தார்கள், நகைச்சுவை என்று நினைத்து. மேலாளர் அம்மாள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே மற்ற நிகழ்ச்சிகள் ரத்தாயின. இணையத்தில் கொஞ்ச நாள் ஏசினார்கள், கொஞ்ச நாள் பரிதாபப்பட்டார்கள், பிறகு வேறு யாரையோ பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர் நடத்தும் மண்டபத்தில் மேடை ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவனைக் கையோடு இழுத்துப்போய்ச் சேர்த்துவிட்டாள். மைக் எங்கே, விளக்கு எங்கே என்று அங்கே அவனுக்குத் தெரியாதது எதுவும் இருக்கவில்லை.

ஒரு நாள் இன்ஜினியர் அவளுடைய நிஜமான பதிவுகளை அனுப்பியிருந்தார். 'உங்ககிட்ட இருக்கட்டும் மேடம்' என்று ஒரே வரி. பிற்பகலில் துணி மடித்துக்கொண்டே அவள் அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் மாடியேறி வந்து கதவருகே நின்றான். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"இந்த எடத்துல மூச்சு வாங்குது" என்றான்.

"வாங்கத்தானே செய்யும்."

அவன் தலையாட்டினான். "அடுத்தது போடு" என்றான். அவள் மடித்த துணியை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள்.