பட்டியலில் இல்லாத ஆல்பம்

அந்த போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் தலைவலி எதுவானாலும் அவன் தலையில்தான் விடியும். வாடிக்கையாளர்கள் ஆல்பத்தை இறக்கிக்கொள்ள ஒரு வலைப்பக்கம் உண்டு. திறந்தால் எல்லாருடைய ஃபோல்டர் பெயர்களும் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் அவன் தங்கையின் பெயரும், நிச்சயதார்த்தத்தோடு உறவு முறிந்துபோன மாப்பிள்ளையின் பெயரும் ஜோடியாக நின்றன.

"நாளைக்கு என் ஆபீஸ் பொண்ணு அவ கல்யாண ஆல்பத்தை அங்கதான் தேடப் போறா. என் பேரு அவ கண்ணுல பட்டுச்சுன்னா நான் ஆபீஸ் பக்கமே தலைகாட்ட மாட்டேன்ணா" என்று சொல்லிவிட்டாள் தங்கை. ஏற்கெனவே பத்து நாளாக லீவு போட்டு வீட்டில் கிடக்கிறாள்.

முதலாளி அழிக்க விடவில்லை. "ஒரு வருஷம் வெச்சிருப்போம்னு ரசீதுல போட்டிருக்கோம். உன் தங்கச்சின்னா சட்டம் மாறிடுமா? வேணும்னா லிஸ்ட்ல தெரியாம பண்ணிக்கோ." அந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது.

இது என்ன பிரமாதம் என்றுதான் உட்கார்ந்தான். ஆல்பங்கள் இருக்கும் இடத்திலேயே ஒரு செட்டிங் கோப்பைப் போட்டு, இந்தப் பெயரைக் காட்டாதே என்று எழுதினான். காட்டியது. திருத்தி எழுதினான். அப்போதும் காட்டியது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். அங்கே போடும் கோப்புகளைப் படிக்கவே வேண்டாம் என்று சர்வரின் தலைமைக் கோப்பில் எவனோ எழுதிவைத்திருந்தது மத்தியானம்தான் கண்ணில் பட்டது. அந்த எவன் இவனேதான், போன வருஷம்.

தன்னைத்தானே திட்டிக்கொண்டு தலைமைக் கோப்பிலேயே எழுதினான். அவசரத்தில் பெயரை விட்டுவிட்டு 'எல்லாம்' என்று பொருள்படும் வெறும் நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டதில் அத்தனை ஆல்பமும் மறைந்தது. ஐந்து நிமிஷத்தில் மூன்று போன். முதலாளி கத்திய கத்தில் வாசலில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாலு மணிக்கு ஒருவழியாக அவள் பெயர் மட்டும் போனது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆல்பத்தின் முழு முகவரியை அடித்துப் பார்த்தான். ஜம்மென்று திறந்தது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. முகவரி தெரிந்தவன் தாராளமாக உள்ளே போகலாம். அந்த மாப்பிள்ளைக்கு முகவரி தெரியும். அதை நினைத்ததும் அண்ணன்காரனுக்கு ரத்தம் கொதித்தது.

பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவதற்கு முன், அந்த மாப்பிள்ளை வந்து போகிறானா என்று பார்க்க சர்வரின் வருகைப் பதிவைத் திறந்தான். இந்த மாதம் இருபத்தாறு முறை வந்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே இடத்திலிருந்து, ஒரே படத்துக்கு. பதிவில் இருந்த அந்த இணைய எண், அதாவது ஐ.பி., அவனுக்கு மனப்பாடம். அவனுடைய சொந்த வீட்டு இணைப்பு. இன்று காலை பதினொன்றுக்கும் வந்திருக்கிறது. அப்போது வீட்டில் அவள் மட்டும்தான்.

போனை எடுத்தான். "மறைக்கச் சொல்லி என் உயிரை வாங்கினதும் நீ, தினம் திறந்து பாக்குறதும் நீயா?"



"ஊரு பாக்க வேண்டாம்னுதானே சொன்னேன். நான் பாக்க வேண்டாம்னு சொன்னேனா? அந்தப் படத்துல அவன் இல்லண்ணா, நான் மட்டும்தான். எதுக்கோ அப்படிச் சிரிக்கிறேன். அது நான்தானான்னு பாத்துட்டு இருந்தேன்."

அவன் வருகைப் பதிவை மூடினான்.

"நாளைக்கு ஆபீஸ் போவியா?"

"லிஸ்ட்ல பேரு இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப போறேன்."

ஆல்பத்துக்குப் பூட்டுப் போட்டு, பாஸ்வேர்டை அவளுக்கு மட்டும் அனுப்பினான். முதலாளி பாஸ்வேர்டைக் கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்றான்.